பதினோராம் படுக்கை

ஐந்தடி ஒன்பது அங்குலம். ஐந்தடி எட்டு.
மறுபடி ஐந்தடி ஒன்பது.
நாடாவின் மறுமுனையைத் தலைமாட்டில் அழுத்திக்கொண்டு
சேவுகன் எண்களைக் கூவுகிறான்.
கீழே மேலூர்ச் சாலையில்
கல் ஏற்றிய லாரி ஒன்று கியர் மாற்றுகிறது.

பத்துப் படுக்கைகள் ஒரே அச்சு.
தலைப்பக்கம் உளி விட்டுவைத்த நாலு விரல் மேடு,
அதுதான் தலையணை.
ஒருவர் உறக்கம் மற்றவர் மேல் உருளாமலிருக்க
நடுவே ஒரு வரப்பு.
சுவர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.
பதினொன்றாவது மட்டும் நாலடி இரண்டு.
"தப்பாப் பிடிச்சிருக்கீங்க," என்றேன்.
"நீங்களே பிடிச்சுப் பாருங்க மேடம்."
பிடித்தேன்.
நாலடி இரண்டு.

குட்டையான துறவியா? ஓடி வந்த சிறுவனா?
பாறை அங்கே இறுகி உளி மழுங்கியதா?
கொடுத்தவன் பணம் அந்த இடத்தில் தீர்ந்ததா?
என் படிவத்தில்
நீளம், அகலம், ஆழம் என்று மூன்றே கட்டங்கள்.

கொடுத்தவன் பெயர் இருக்கிறது.
நீர்வடி விளிம்புக்குக் கீழே, மழை தொடாத இடமாகப் பார்த்து,
குச்சி குச்சியான எழுத்தில்:
உப்பு விற்றவன், இன்ன ஊரான், கொடுத்த பள்ளி.
படுத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.
உடைமை வேண்டாம் என்றவர்கள்
பெயரையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள் போல.

நேற்றிரவு டெர்வ்லா படம் அனுப்பியிருந்தாள்.
ஓராண்டு ஒரே பெஞ்சில் படம் வரையப் படித்தவள்.
அயர்லாந்தின் மேற்கே, கடலீரம் ஏறிய புல்லில்
அவள் அளக்கும் மடம்.
அங்கும் பிச்சை ஏற்று உண்டவர்கள்தாம்.
கூரை இல்லை; ராஜா ஒருவன் மடங்களை மூடியபோது
மரமும் ஈயமும் விலைக்குப் போயின.
கோபுரம் ஒல்லி. பிற்பாடு யோசித்து
நடுவில் செருகியது.
பழைய சுவர்களின் தோளில் ஏறி நின்று இன்னும் விழவில்லை.
நாற்புறமும் தாழ்வாரம் சுற்றிய முற்றம்,
பொற்றாமரைக் குளத்தைக் கைக்குட்டையாய் மடித்த அளவு,
தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாடுகள்.
மாடியில் படுக்கைக் கூடம்.
அங்கிருந்து நேரே வழிபாட்டுக்கு இறங்கும் படிக்கட்டு,
நடுநிசி மணிக்கு எழுந்தவர்கள்
தூக்கம் கலையாமல் வந்து சேர.
படியின் நடு, தேய்ந்த அம்மிபோல் குழிந்திருக்கிறதாம்.
கொடுத்தவரும் மனைவியும் பீடத்தருகே கல்லறையில், பெயரோடு.
படுத்தவர்கள் யார் என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கும் பொம்மை ஒன்று வந்தது.

மூன்று மணிக்கு அழகர்மலைப் பக்கம் கறுத்தது.
முதலில் ஆண்டிச்சி, பதினாறு ஆடுகளோடு.
பின்னால் குவாரியிலிருந்து சுதாம்,
ஒடிசாக்காரப் பையன், உடம்பெல்லாம் கல்மாவு,
தலைக்கவசத்துக்குள் செல்போனைக் கவிழ்த்துப் பிடித்தபடி.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் பாறையின் நெற்றியில் வழிந்து வந்தது.
விளிம்பில் ஒரு கணம் தயங்கி,
உள்ளே வரலாமா என்று பார்த்து,
நேராக விழுந்தது.
எங்களுக்கு ஒரு முழம் வெளியே நூல் நூலாய்த் திரை.
உப்பு வணிகனின் பெயர் மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை.
இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் முடித்த வேலை,
ஒரு புகாரும் வராத வேலை.

திரும்பிப் பார்த்தால் சுதாம் தூங்கிவிட்டான்.
இருக்கிற படுக்கைகளை விட்டுவிட்டு
பதினொன்றில்,
ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி,
கையைக் கன்னத்துக்குக் கொடுத்து.
சேவுகன் சத்தமில்லாமல் நாடாவை நீட்டினான்.
"நாலடி ஒண்ணு."
ஓர் அங்குலம் மிச்சம்.

படிவத்தில் அதை எங்கே எழுதுவது?
விளிம்பு வேலை செய்கிறது என்று மட்டும் குறித்தேன்.
மருந்து நனைந்ததால் இன்று வெடிச் சங்கு ஊதவில்லை.
மழை விட்டதும் ஆண்டிச்சி ஆடுகளை ஓட்டிப் போனாள்.
மூன்றாம் படுக்கை நிறையப் புழுக்கை.
பெருக்கித் தள்ளிவிட்டு
மூன்றிலிருந்து மறுபடி அளந்தோம்,
குரலைத் தாழ்த்தி.