சற்றே விலகிய மஞ்சள்

நான்கு பக்கமும் பன்னிரண்டேகால் அங்குலம்.
அதற்குள் இரண்டு பேரை நிறுத்த வேண்டும்.
மூன்று பேர் என்றால் சுலபம்,
நடுவே ஒருவன், மற்றவர்கள் ஆளுக்கொரு ஓரம்.
இரண்டே பேர் என்றால்
நட்டநடுவில் நிற்பது எப்போதும் இடைவெளிதான்.
ஏழு வருடம் நான் அச்சடித்தது அதைத்தான்.

டொலீடோவில், கண்ணாடி ஆலைகளுக்குப் பின்தெருவில்,
டெல்பர்ட்டின் அக்கா வீட்டு கராஜ்.
கார் வெளியே பனியில் விறைத்துக் கிடக்கும்.
உள்ளே பெட்ரோல் வாடை, ஒரு கிட்டார், ஒரு டிரம் செட்.
குழுவின் பெயர் ஸ்பேர் டயர்.
பேஸ் வாசிக்க ஒருவன் வந்தான், ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை.
"பீட்சாவை மூன்றாய் வெட்ட எனக்குத் தெரியாது" என்று
அனுப்பிவிட்டாள் நஜ்லா.

முதல் ஆல்பத்துக்குக் காசில்லை.
பள்ளிப் பேருந்துப் பலகைக்கு வாங்கி
மிஞ்சிய மஞ்சள் இருந்தது, அரை டப்பா.
பாதி தூக்கிய கராஜ் கதவு, அதன் கீழே நான்கு கால்கள்.
அவ்வளவே படம்.
முகம் எங்கே என்றான் டெல்பர்ட்.
பாட்டுக்குள் இருக்கிறது என்றேன்.
பொய். பாட்டுக்குள் இருந்தது
ஆணி அடிக்கிற சத்தமும்
அதைவிட அவசரமான ஏதோ ஒன்றும்.
முந்நூறு அட்டை. மை காயுமுன் அடுக்கியதில்
ஒவ்வொன்றின் முதுகிலும் முந்தையதன் கால்.

இரண்டாவது,
நஜ்லா பகலில் வேலை பார்த்த பல் மருத்துவமனையின் உபயம்.
அவன் தாடை ஒன்று, அவள் தாடை ஒன்று,
எக்ஸ்ரேயின் கறுப்பில் வெள்ளையாய்.
எது யாருடையது என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன.
சொத்தைப்பல் அவனுடையது. இப்போது சொல்லலாம்.

நான்காவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள்.
கறுப்புக் கோட்டைவிட்டு மஞ்சள்
மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதே,
உடலைவிட்டு உயிர் நழுவும் கணம் என்றார் ஒருவர்.
பிரிவுக்கு இதைவிட என்ன இலக்கணம் என்றார் இன்னொருவர்.
அச்சுச் சட்டத்தில் கீல் திருகு லூஸ்.
நான் கவனித்தபோது எண்ணூறு ஓடிவிட்டது.
அட்டை என்ன விலை விற்றது என்று
இலக்கணக்காரருக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது மூன்றாவதை.

அப்போது அவர்கள் பேசிக்கொள்வதில்லை.
தாளமும் தந்தியும் மட்டும் பேசும், அதுவும் முகம் பாராமல்.
அவன் காலையில் வந்தான்,
மாமீ ஆற்றங்கரையில் நின்றான், போனான்.
அவள் மாலையில், அதே இடம், அதே கல்.
இரண்டு படத்தையும் வெட்டி ஒட்டினேன்.
அவன் நிழல் மேற்கே, அவள் நிழல் கிழக்கே.
ஒரே வானத்தில் இரண்டு சூரியன் எரிகிற அட்டை அது.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராய் வைத்திருந்தேன்.

அது விரிகிற அட்டை.
உள்ளே இடப்பக்கம் அவன் முகம், வலப்பக்கம் அவள் முகம்,
நடுவில் மடிப்பு.
கண்ணுக்கு நேர் கண், உதட்டுக்கு நேர் உதடு,
ஸ்கேல் வைத்து மூன்று தரம் அளந்தேன்.
விரித்துப் பார்ப்பவருக்கு
இரண்டு அந்நியர்கள் எதிரே வெறித்திருப்பார்கள்.
மூடி அலமாரியில் செருகிவிட்டால்
அந்த இருட்டுக்குள் நடப்பது அட்டைக்குத்தான் தெரியும்.
இதை யாரிடமும் நான் சொன்னதில்லை,
அவர்களிடமும்.

போன மார்ச்சில் நஜ்லா அழைத்தாள்,
பதினோரு வருடம் கழித்து.
நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.
தட்டுகள் பிழைத்தன, கழுவிக் காயவைத்தாயிற்று,
அட்டைகள்தான் கூழாகிவிட்டன.
மூன்றாவது ஒன்று கிடைக்குமா என்றாள்.
இரண்டு இருந்தது.
எதை அனுப்ப, ஒன்று ஓரம் நசுங்கியது என்றேன்.
ஓரம் கிடக்கட்டும் என்றாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"நன்றாக மூடுகிறதா, பார்."

மூடுகிறது என்றேன்.
தபால் செலவு நான்கு டாலர் ஆயிற்று.