கைமாற்று

ஆறாவது வாரம்.
தேவனாம்பட்டினத்தில் நாய்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டி,
பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பன்னிரண்டு டின்.
ஆறுக்கு நீல மூடி, ஆறுக்கு மஞ்சள் மூடி.
எதில் எது என்று எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

ஒன்றில் கடைப் பாமாயில், அப்படியே.
மற்றதில் அதே பாமாயில்
தவிட்டெண்ணெயோடு சேர்ந்து
ஆலைக்குள் போய் வந்தது.
பயிற்சி வகுப்பில் மூன்று விரலை விரித்துக் காட்டினார்கள்:
ஒரு கொழுப்பு, மூன்று கை.
கைகளைக் கழற்றி
இடம் மாற்றிப் பூட்டிவிட்டால்
அதே எண்ணெய், ஆனால் வேறு எண்ணெய்.
நிறம் மாறாது.
சட்டியில் சங்கரா விழும்போது எழும் சத்தம்கூட மாறாது.
ரத்தத்துக்கு மட்டும் தெரியும் என்கிறார்கள்.
தெரியுமா என்று
கேட்டுப் பார்க்கத்தான் இந்த ஊசி.

"பன்னெண்டு மணி நேரம் வாயில எதுவும் படக்கூடாது" என்று
நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.
ராத்திரி கடலுக்குப் போய்
இப்போதுதான் கரையேறிய தேசப்பன்
ஈரக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:
"அலை அடிச்சி ரெண்டு வாய் உப்புத்தண்ணி உள்ள போச்சி.
அது கணக்குல வருமா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நரம்பு மட்டும் வலைக்கயிறு போல
தானாகவே எழும்பி நின்றது.

காலி டின்களை எடை போட்டு எழுத வேண்டும்.
அஞ்சலாட்சி வீடு நீலம்.
பச்சைவாழி வீடு மஞ்சள்.
நடுவில் ஒரு கீற்றுத் தட்டி,
அதில் ஒரு ஆள் நுழையும் ஓட்டை.
இன்று பச்சைவாழி எடுத்து வந்த டின்னில்
நீல மூடி.

நான் மூடியைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது:
"ரெண்டுல ஒண்ணு நல்லதுன்னு நீதான சொன்ன?
எதுன்னு ஒனக்கே தெரியாதுன்னும் சொன்ன.
இவ ஊட்டுக்காரருக்கு ஜிப்மர்ல கம்பி வச்சிருக்கு.
நல்லது என் ஊட்டுலயே தங்கிட்டா
நாளைக்கு இவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?
ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு.
கைமாத்துதான்."

கைமாற்று.
ஆலைக்குள் நடந்த அதே வேலை.
அங்கே அதற்குப் பெரிய கொதிகலன் வேண்டியிருந்தது.

போன மாத அறிக்கையில்
இருவருக்குமே கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது:
ஒருத்திக்கு ஒன்பது, இன்னொருத்திக்கு ஏழு.
ஆபீசில் அந்த இரண்டு வரியின் மேல்
யாரோ பென்சிலால்
கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்கள்.
எண்ணெயாலா,
மீன்பிடித் தடைக்காலத்தில் பொரிக்க மீன் இல்லாததாலா,
எவனும் சொல்ல முடியாதபடி
இரண்டு பெண்கள் சேர்ந்து கலக்கிவிட்டார்கள்.

'விலகல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
காரணம் எழுத ஒரே ஒரு வரி.
நீண்ட நேரம் யோசித்து
'பக்கத்து வீடு' என்று எழுதினேன்.
எழுதியதும் கை நடுங்கியது.
இந்த இரண்டு பேரையும் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள்,
அடுத்த வாரம் டின் வராது.

அதைச் சொல்வதற்குள்
அஞ்சலாட்சி தட்டை நீட்டிவிட்டாள்.
காலைப் பொழுதுக்கு இரண்டு துண்டு,
ஓரமெல்லாம் முறுகி.
"சாப்புடு. அவன்அவன் ரத்தம் குடுத்துட்டான், இனிமே என்ன?"
பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவளாக:
"ஏம்மே, எத்தினி வாட்டி காச்சுறேன்னு
நீ ஒரு தடவகூட கேக்கலியே?"

அடுப்பில் இருந்த சட்டியை எட்டிப் பார்த்தேன்.
இரும்பா எண்ணெயா எனப் பிரித்தறிய முடியாத கறுப்பு.
திங்கட்கிழமை எண்ணெயாம்.
இன்று வெள்ளி.

மீன் நன்றாக இருந்தது.
முள் வரைக்கும் தின்றேன்.
கை கழுவி, பெட்டியை மூடும்போது எண்ணினேன்:
குழாய் ஒன்று
மீதி இருந்தது.