சின்ன அளவு

பகாவ் சாலையில் செம்பனை முடிகிற இடத்தில்
எங்கள் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்குகிறது.
பழைய புகைக்கூடம் இருந்த மேட்டில்
மறுசுழற்சிக் கொட்டகை.
மழை பெய்தால் இன்னும் கித்தா வாடை வருமாம்,
லோரி ஓட்டும் சின்னப்பன் சொல்வார்.
எனக்கு வருவதெல்லாம் புளித்த பால் டின் வாடை.

நான் பாதுகாப்பு அதிகாரி.
வெள்ளைத் தொப்பி, சிவப்புக் கோப்பு,
வாசலில் நானே மாட்டிய பலகை:
விபத்தில்லா நாட்கள்.
காலை ஏழே முக்காலுக்குச் சாக்கட்டியால்
ஒன்றைக் கூட்டுவேன்.
அன்று இருநூற்றுப் பதினொன்று.
முந்நூறு தொட்டால் எல்லாருக்கும் கோழி பிரியாணி,
கல்லூரித் தலைவரோடு ஒரு படம்.

பிரியாணியை நினைத்தோ என்னவோ
புஷ்பலீலா வலது கையை முதுகுக்குப் பின்னால்
வைத்துக்கொண்டு நின்றாள்.
நாலாவது மேசை, கண்ணாடிப் பிரிவு.
உடைந்த சோயா போத்தல் கழுத்து.
நீல வாளியில் தண்ணீர்
சிவந்துகொண்டே போனது.

"ஒண்ணுமில்ல மிஸ், கீறல்தான்.
செம்பன முள்ளு ஏறுன கை இது.
எழுதாதீங்க.
பலகைய அழிச்சா எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க."

ரொஃபிகுல் அட்டை அமுக்கும் இயந்திரத்தை நிறுத்தினான்.
அப்போதுதான் தெரிந்தது
எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று.

கையுறை எங்கே என்றேன்.
மேசை ஓரத்தில் கிடந்தது,
சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து ஐந்து விரலும் விறைத்து.
எடுத்து அவள் நல்ல கையில் மாட்டிப் பார்த்தேன்.
விரல் முடிந்த பிறகும்
இன்னொரு விரலுக்கு இடம் இருந்தது.
"பிடி கெடைக்காது மிஸ், வழுக்கும்.
கழட்டிட்டுத்தான் மூடியத் திருகணும்."

மற்ற மேசைகளையும் பார்த்தேன்.
பதினான்கு பேர், ஒன்பது பெண்கள்,
எல்லாம் எக்ஸ்எல்.
ஒரே அளவாய் எடுத்தால் டசனுக்கு இரண்டு வெள்ளி குறைவு.
அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து.

கிளினிக்கில் நாலு தையல்.
ஊசி ஏறும்போது அவள் கேட்டது ஒன்றுதான்:
அரை நாள் சம்பளம் போயிடுமா?

பாரத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்:
தொழிலாளியின் கவனக்குறைவு,
விதிமீறல்,
மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீளம் இடம்.
பேனா தன்போக்கில் முதல் கட்டத்துக்குப் போனது,
ஏழு வருடப் பழக்கம்.
இழுத்து வந்து மூன்றாவதில் வைத்தேன்.
இடம் போதாமல் தாளின் பின்பக்கம் போனேன்.
அங்கே நடுவில் என் பெயர் வந்தது.
அடித்தேன்.
பிறகு, அடித்ததற்கு மேலேயே
மறுபடி எழுதினேன்.

ஈரத்துணியால் பலகையைத் துடைத்து
ஒரு சுழியம் போட்டேன்.
"போச்சு பிரியாணி" என்றார் சின்னப்பன்,
கோபமில்லாமல்.

சாப்பாட்டு நேரத்தில் தவக்கனி வந்தாள்.
சட்டைக் கையைச் சுருட்டினாள்:
தீபாவளிக்கு முந்தின வாரம், டின் தகரம்.
ரொஃபிகுல் முழங்கையைக் காட்டினான்:
புவாசா மாசம், மிஸ், இரும்புப் பட்டை.
பிறகு செங்கமலம், பிறகு அஸ்லான்.
சின்னப்பனே கடைசியில் காலணியைக் கழற்றினார்.
எழுத எழுதத் தேதிகள் வந்தன.
இருநூற்றுப் பதினொன்றில்
எனக்கு மிச்சமாய் எந்த நாள் நிற்கும் என்று
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கண்ணாடி மேசையை மூடிவிட்டேன்.
வியாழனன்று மேலே அலுவலகத்திலிருந்து போன்:
விடுதி வாசலில் போத்தல் மலையாய்க் குவிகிறதாம்,
வெள்ளிக்கிழமை விருந்தினர் வருகிறார்களாம்.
குவியட்டும் என்றேன்.
சொன்ன பிறகுதான் வயிறு கலங்கியது.

சாயங்காலம் ஒரு பெட்டி அட்டையைப் பிரித்துப் போட்டு
ஒவ்வொருவர் கையையும் வைத்து
கோடு இழுத்தேன்,
டவுனில் லியோங் கடைக்குக் கொண்டுபோக.
பென்சில் விரலிடுக்கில் போகும்போது
அஸ்லானுக்குக் கூச்சம், நெளிந்தான்.

புஷ்பலீலாவின் வலது கை
கட்டோடு தடித்திருந்தது. இடது கையை வைத்தாள்.
எனக்கு வேண்டியது வலதாச்சே என்றேன்.

"அட்டையத் திருப்பிப் போடுங்க மிஸ்" என்றாள்.
"அதான் வலது."