வந்திருக்கும்

மதகடிக் காவலறையில் இரவுப் பணி.
நீரளவுப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
எவரும் பேசாத ஒரு மொழிக்கு
வினைமுற்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டினத்தில் கப்பலைத் தவறவிட்ட
யவனத் தச்சன் ஒருவன்
ஊர் திரும்பாமலே பெருகியிருந்தால்
அவன் வழிப் பிள்ளைகள் இன்று
என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்
என்பதுதான் கணக்கு.
லத்தீன் வேர், வெண்ணாற்று வண்டல்.
கபேரேஸ் என்று பேர் வைத்திருக்கிறேன்.
பேசுவோர் தொகை ஒன்று.
தொண்டை கட்டினால் அதுவும் இல்லை.

ரோமாபுரிப் பக்கத்து அக்கா தங்கைகள்
சாப்பிட்டதை உடையேன், கண்டதை உடையேன் என்று
செய்ததையெல்லாம் பெட்டியில் பூட்டுவார்கள்.
இங்கே அது செல்லுபடியாகவில்லை.
என்னிடம் மாடு இருக்கிறது என்போம்.
மாடுதான் இருக்கும்,
நான் ஓரமாக நிற்பேன்.
இரண்டாயிரம் வருஷம் சேற்றில் ஊறி
கபேரேஸ் அந்த உடைமை வினையைத் தொலைத்தது.
பதிலுக்கு நம் துணைவினைகளைக் கைமாற்று வாங்கியது.

ஆவ என்றால் தண்ணீர். வெனூத என்றால் வந்து.
ஆவ வெனூத எஸ்:
வந்திருக்கிறது, கரையில் நின்று பார்க்கலாம்.
ஆவ வெனூத லாஸ:
வந்துவிட்டது, நாற்றங்காலுக்கு ஓடு.
ஆவ வெனூத செரா:
வந்திருக்கும்.

செராவில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.
முடிந்துபோனதன் மேல்
வரப்போவதைச் சாய்த்து வைத்தால்
ஊகம் ஊறி வருகிறது.
துணையில்லாத ஒற்றைச் சொல் இறந்தகாலத்தை
மூன்று வருஷம் முன்பே அடித்துவிட்டேன்.
துணையில்லாமல் எது நடக்கிறது?

பத்தரைக்கு போன்.
தலைஞாயிறு தாண்டிக் கடைமடை, மாசிலாமணி.
"எங்க வாய்க்காலுக்குத் தண்ணி விட்டாச்சா சார்?"
மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
முறைப்பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்,
"விட்டாச்சு. இந்நேரம் வந்திருக்கும்."
"இருக்கா, இருக்குமா?"
"வந்திருக்கணுமே."
"வாய்க்காலுக்குள்ளதான் சார் நிக்கிறேன்.
செருப்புப் போட்டுக்கிட்டு."

அவர் நிற்கிற இடத்துக்கு
என் இலக்கணத்தில் காலம் இல்லை.
உட்கார்ந்து ஒன்று செய்தேன்.
தீஸ என்ற துணை, சொல்கிறார்கள் என்று பொருள்.
ஆவ வெனூத தீஸ: தண்ணீர் வந்ததாம்.
ஏட்டில் வந்த தண்ணீர்,
பூத்தூவி அனுப்பிய தண்ணீர்,
படத்தோடு பேப்பரில் ஓடும் தண்ணீர்
எல்லாவற்றுக்கும் பொருந்தியது.
அழகாகத்தான் இருந்தது.
அதைப் பாய்ச்சி ஒரு நாற்று விட முடியாது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
இரண்டாவது கதவு, நாலு திருகு.
துருவும் மசகுமாகக் கை வழுக்கியது.
அடியில் தண்ணீர் ஒரு முறை செருமிக்கொண்டது.
அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடிய
கோழி கூவுமுன் அதே எண்.
"வந்துது."
சார் இல்லை. இருக்கு இல்லை. விட்டது இல்லை.
பின்னால் யாரோ மண்வெட்டியால் கொத்துகிற சத்தம்,
போன் கட்டாகிவிட்டது.

அடித்த பக்கத்தைத் தேடினேன்.
அட்டைக்கும் தாளுக்கும் நடுவில்
கரப்பான் அரித்த ஓரத்தோடு கிடந்தது.
வேனெ. வந்தது.
அதற்குக் கீழே கோடு போட்டு
இன்றைய அளவு: இரண்டடி மூன்றங்குலம்.

பத்து மணிக்கு உதவிப் பொறியாளர் வருவார்.
கதவு எப்படி ஏறியது என்று கேட்பார்.
ஏறியிருக்கும் என்று சொல்லலாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.