மூடாதே நெய்னா

பகலில் அல் நஹ்தா அலுவலகத்தில்
இன்னும் கட்டாத வில்லாக்களுக்கு
மாலை வெயில் அடித்துக் கொடுக்கிறேன்.
இரவில், மேல்கட்டிலில், மடிக்கணினிக்குள்
எனக்கென்று ஒரு குகை.
உள்ளே யாளி. பிடரியை மயிர் மயிராய் நட்டிருக்கிறேன்.
எங்கே விளக்கை வைத்தாலும்
பிளாஸ்டிக் பொம்மை.
நிலவை நகர்த்தினேன். மூடுபனி கூட்டினேன்.
ம்ஹூம்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த நெய்னா
தண்ணீருக்கு ஃபிரிட்ஜைத் திறந்தான்.
தரையில் விழுந்த வெளிச்சம்
கீழ்க்கட்டில் சவரிமுத்துவின்
பாதி முதுகுவரை ஏறி நின்றது.

மூடாதே நெய்னா.
"தயிர் கெட்டுடும்டா."
ஒரு நிமிஷம்.

குகை வாயை ஒரு சாண் திறந்தேன்,
ஓரமாக, தாழ்வாக.
யாளிக்கு முதுகு வந்தது.

ரெண்டர் மூன்று சதவீதம்.
திரையெங்கும் மணலாய்ப் புள்ளிகள்.
நெய்னா கதவைப் பிடித்தபடி
நின்றவாறே தூங்குகிறான்.