இருபத்தாறாம் தேதி

ஞாயிறு ஆராதனை முடிந்து
தொண்ணூற்றாறு பொட்டலம் பிரியாணி கட்டினோம்.
ஹெலன் அக்கா ரப்பர் வளையம் மாட்டும் வேகத்தை
யாராலும் பிடிக்க முடியாது.
நான் முட்டை வைப்பவள்.
பொட்டலத்துக்கு ஒன்று, உடையாமல்.

வேன் துவாஸ் விடுதி வாசலில் நின்றது.
வரிசையில் பதினோராவது ஆள் காத்தமுத்து.
ஆட்காட்டி விரலில் கட்டோடு கையை நீட்டி
"நன்றி மேடம்" என்றார்.
என்னை அவருக்குத் தெரியாது.
எனக்கு அவரைத் தெரியும்:
ஊழியர் எண் 0472,
நாளுக்கு இருபத்திரண்டு வெள்ளி,
போன மாதம் ஓவர்டைம் எழுபத்தொரு மணி.
அதை இருபத்துமூன்று என்று தட்டியவள் நான்.

முதலாளி சொன்னார், தட்டினேன்.
மூன்று வருடமாக, மாதா மாதம் இருபத்தாறாம் தேதி,
ஊபி அலுவலகத்தின் ஏழாம் மாடியில்
குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
மனிதர்களின் இரவுகளை அழித்தேன்.
கழுத்தில் சிலுவை இருந்தது.
அது ஏதாவது சொல்லியிருக்கலாம்.
ஏர்கான் சத்தம்.

நாற்பத்தெட்டு மணி, இருநூற்றுப் பதினாறு வெள்ளி.
எடுத்துக்கொண்டு
ஒரு முட்டை கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவு ஈசூன் வீட்டில் முழங்காலிட்டு
"ஆண்டவரே, அவர்களுக்கு இரங்கும்" என்று தொடங்கினேன்.
அதற்கு மேல் போகவில்லை.
இரங்கும் என்ற வினைக்கு
எழுவாய் மாறி உட்கார்ந்துவிட்டது.

செவ்வாய் மதியம். முதலாளி சாப்பிடப் போனார்.
கட்டுமானத் தளத்தின் கையெழுத்துப் பதிவேடு,
சிமெண்டுக் கைரேகை படிந்த முப்பத்தொரு தாள்.
நகல் இயந்திரம் ஒவ்வொன்றின் அடியிலும்
பச்சை வெளிச்சம் ஓட்டியது.
ஞாயிற்றுக்கிழமைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.
மசாலா வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

விடுதிக்கு எதிரே பேருந்து நிறுத்தம்.
"உங்க மணியைக் குறைச்சது நான்தான்" என்றேன்.
காத்தமுத்து இந்த முறை நன்றி சொல்லவில்லை,
மேடம் என்றும் சொல்லவில்லை.
இரண்டு லாரி போகும்வரை சாலையைப் பார்த்திருந்துவிட்டு
பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.
"அமைச்சுக்குப் போனா பெர்மிட்டை வெட்டிருவாங்களா?"
தெரியாது என்றேன். கூட வருகிறேன் என்றேன்.
இரண்டும் உண்மை.
"ஊர்ல வட்டி ஓடுது" என்றார்,
தாளிடம் சொல்வதுபோல.

பிறகு பதினான்காம் தேதியைத் தேடினார்.
என் கணினியில் அது சொந்த விடுப்பு.
தாளில் மேற்பார்வையாளரின் கிறுக்கல்:
மாலை 6.20. கை. ரத்தம்.
அந்த வரியின் மேல்
கட்டுப்போட்ட விரல் வெகுநேரம் இருந்தது.

இந்த மாதம் இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை.
புகார் மனுவில், சாட்சி என்ற கோட்டின் மேல்
என் முழுப்பெயர்.
ஹெலன் அக்கா கேட்டாள்,
இந்த வாரம் முட்டை யார் வைப்பது?
நான்தான் என்றேன்.

சால்வை அந்த நாற்காலியிலேயே கிடக்கிறது.
கேட்டு வாங்கவில்லை.