தேறல்

செப்டம்பர் கடைசி. ரிவா கிராமம்.
பிழியும் கொட்டகை வாசலில்
ட்ராக்டர்கள் வரிசை பிடித்து நிற்கின்றன,
சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் நின்றதுபோல.
என் மேசையில் ஒரு சிறு குழல்.
ஒரு சொட்டுச் சாறு விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு.
அந்தக் கோடுதான்
ஒருவருடைய ஒரு வருஷம்.

சஸ்லா என்பார்கள் இங்கே.
ரோன் நதியோடு மேலேறி வலேக்குப் போனால்
அதற்கே ஃபாந்தான் என்று பேர்.
ஜெர்மன்காரன் பாடனில் கூட்டேடெல் என்பான்.
ஒரே பழம்.
தோல் மெல்லியது, பச்சையில் பொன் தேய்த்தது,
தன்னைப்பற்றி அதிகம் பேசாது,
நின்ற மண்ணைப் பற்றித்தான் பேசும்.

நான் யோகாம்பிகை.
பதிவுக் கந்தோரில் அப்பாவின் பெயர் முன்னால் ஏறிவிட்டதால்
சம்பளச் சீட்டில் மதாம் நவரட்ணம்.
வரிசையில் நிற்பவர்களுக்கு மதாம் நவா.
முந்திரிகை பிழிகிற இடத்தில் வேலை என்று
ஒருமுறை செண்பகவல்லியிடம் சொன்னேன்.
மதுரைக்காரி. "எண்ணெய்க்கா?" என்று கேட்டாள்.
அவளுக்கு முந்திரி
பாயசத்தில் மிதப்பது.

இந்த மலையைப் படிக்கட்டாக்கியவர்கள் துறவிகள்.
எண்ணூறு வருஷத்துக்கும் மேல்.
காடு வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள்,
மழை கீழே இறக்கிய மண்ணை
முதுகில் சுமந்து மறுபடி மேலே போட்டார்கள்.
பூசைக்கு மட்டும் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

மூன்று சூரியன் இங்கே என்பது ஊர்ப்பேச்சு:
வானத்தில் ஒன்று,
ஏரியில் ஒன்று,
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவில் கொடிக்குத் திருப்பித் தரும் சுவரில் ஒன்று.
"நாலாவது கடன்,
அது அஸ்தமிக்கிறதே இல்லை"
என்பாள் சொலாஞ்ச் ரொஷா.

பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு பூச்சி வந்தது.
பேன் அளவு. வேரைத் தின்றது.
ஐரோப்பாவே பட்டுப்போகப் பார்த்தது.
அந்தப் பூச்சிக்குப் பழகிய அமெரிக்க வேரைக் கொண்டுவந்து
அதன்மேல் தங்கள் கொடியை ஒட்டினார்கள்.
இன்றைக்கு இந்தச் சரிவில் கால் ஊன்றியிருப்பது அந்நியம்,
காய்ப்பது உள்ளூர்.
தயவுசெய்து என்னைக் காட்டி இதற்கு உவமை சொல்லாதீர்கள்.
மேடைகளில் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது.

சொலாஞ்சின் முறை வந்தது.
ஜூலை ஆலங்கட்டியில் பாதித் தோட்டம் போயிருந்தது.
மிச்சம் பதினொரு பெட்டி.
பிழிந்தேன், விட்டேன், பார்த்தேன்.
ஏரியின் பேரை லேபிளில் போட
ஒரு எக்ஸ்லே பாகை குறைவு.
"இன்னொரு தரம்."
துடைத்தேன். அதே கோடு.
"உன் கருவி குளிர்ந்திருக்கிறது."
வெப்பமானியைக் காட்டினேன்.
குழலை வாங்கி ஒற்றைக் கண்ணை மூடி
தானே பார்த்தாள், வெகுநேரம்,
பின்னால் காமே ஏற்றி நின்றவன் ஹார்ன் அடிக்கும் வரை.
பிறகு பேனா கேட்டாள்.

கையெழுத்திட்ட கையாலேயே ஒரு கொத்து நீட்டினாள்.
"நீயாவது தின்."
என் பையிலிருந்து மற்றக் கருவியை எடுத்தேன்.
காலையில் விரல் குத்திய எண் அதில் இருந்தது.
பதினொன்று.
எனக்கும் ஒரு எல்லை உண்டு, நான் அதற்கு மேலே.
"அட, கொஞ்சம் என் பெட்டியில் கொட்டியிருக்கலாமே!"
கொட்டகையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

இரவு குழல் கழுவும்போது ஒரு சொல் வந்தது.
தேறல்.
யவனர் சாடிகளில் அது நம் துறைகளில் இறங்கிய காலத்துச் சொல்.
கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிவது தேறல்.
காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்தாலும் தேறினான்,
கணக்கில் முப்பத்தைந்து வாங்கினாலும் தேறினான்.
பேரேட்டில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை
மனசுக்குள் தமிழில் வாசித்தேன்:
தேறவில்லை.

இந்த நாட்டு மது நூற்றில் ஒன்றிரண்டுதான் வெளியே போகிறது.
மீதியை இவர்களே குடித்துவிடுகிறார்கள்,
தேறினதும் தேறாததும்.

சித்திரையில் வந்தாள். கையில் ஒரு போத்தல்,
லேபிளில் ஏரி இல்லை, ஊர் இல்லை,
வெறும் வெள்ளைத் தாள்.
வைத்தியருக்குத் தெரியாமல் ஒரு வாய்.
தண்ணீராய்த் தெளிந்திருந்தது.
நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்புக் கல்,
அப்புறம் புளிப்பு.
அவளும் ஒரு வாய் குடித்து
சப்புக்கொட்டி யோசித்தாள்.
"அளந்தது சரிதான்" என்றாள்,
மூடியைத் தேடினாள்.